ஏரிப் படகுக்குக் கடல் சட்டம்

பழவேற்காட்டு ஏரியின் தமிழ்நாட்டுப் பக்கத்தில் மோட்டார் வைத்து ஓடுகிற மீன்படகு எதுவானாலும் அதன் முகப்பில் பெயின்டால் எழுதிய நீளமான எண் ஒன்று இருக்க வேண்டும். ‘ஐஎன்டி’ என்று நாடும் ‘டிஎன்’ என்று மாநிலமும் முதலில் வரும். அடுத்து மாவட்டத்துக்கான எண். பிறகு ‘எம்ஓ’ என்று இரண்டு எழுத்து; மோட்டார் பொருத்திய நாட்டுப்படகு என்று அர்த்தம். விசைப்படகாக இருந்தால் அந்த இடத்தில் ‘எம்எம்’. கடைசியில் அந்தப் படகுக்கே உரிய எண். அண்ணன் மகன் புதிதாக வாங்கிய ஃபைபர் படகுக்கு இந்த எண்ணைப் பெற அலைந்தபோது நானும் கூடவே போய்வந்தேன். அப்போதிலிருந்து என் அப்பாவின், எங்கள் நைனாவின், நாட்களும் இந்த நாட்களும் மனதுக்குள் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கின்றன.

நைனா காலத்தில் எங்கள் குப்பத்தில் எந்த ஏரிப் படகுக்கும் எண் கிடையாது. எல்லாம் மரப்படகுகள். காற்று இருந்தால் பாய், இல்லாவிட்டால் மூங்கில் கோல். பாய் கிழிந்தால் மைதா மூட்டைத் துணியை வெட்டி ஒட்டுப்போட்டுத் தைப்பார்கள். சாயங்காலம் கரையில் நிற்கும் ஆயா, தூரத்தில் வரும் பாயில் எந்த மூலையில் ஒட்டு இருக்கிறது என்று பார்த்தே இது யார் படகு, யார் யார் ஏறியிருக்கிறார்கள் என்று சொல்லிவிடும். ஒரு படகு கைமாறினால் ஊருக்குத் தெரியும். பங்கு பிரிந்தால் தெரியும். வியாபாரியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு படகை அவர் பேரில் ஓட்டினாலும் தெரியும்.

அதை வைத்து, அந்தக் காலத்தில் ஏரி கேட்பாரற்றுக் கிடந்தது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. படகைப் பதிவு செய்யாத ஊர், மீன் பிடிக்கிற இடத்தையும் நாளையும் ஆளையும் கறாராகக் கணக்கில் வைத்திருந்தது. பாடு என்பது அதன் பெயர். இறால் அதிகமாக ஓடுகிற இடங்களில் யார், எந்த நாளில் வலை கட்டலாம் என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். கோட்டைக்குப்பம், நடூர் மாதாகுப்பம், ஆண்டிகுப்பம் ஆகிய ஊர்களுக்குப் பாட்டில் முறை உண்டு. ஊரில் தலைக்கட்டாகச் சேர்ந்தவருக்குத்தான் சீட்டில் இடம். நல்ல இடம் இன்று ஒருவருக்கு வந்தால் அடுத்த முறை இன்னொருவருக்குப் போகும். முறை தப்பி வலை கட்டினால் ஊர்க்கூட்டத்தில் நிறுத்தி அபராதம் போடுவார்கள். அபராதம் கட்டாதவரின் வீட்டு நல்லது கெட்டதுக்கு யாரும் போகமாட்டார்கள். அதைவிடப் பெரிய தண்டனை ஒரு குப்பத்தில் இருக்க முடியாது.

அந்த ஏற்பாட்டில் அநியாயமும் இருந்தது. பாட்டுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் ஏரியைச் சுற்றி நிறையப் பேர். இருளர் பெண்கள் படகே இல்லாமல், இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட ஓலைப் பறி. இரண்டு கையும் சேற்றுக்குள் இருப்பதால் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டே நகர்வார்கள். சின்ன வயதில் நான் அதை வேடிக்கை பார்த்திருக்கிறேன். அவர்களுக்குச் சீட்டும் இல்லை, கூட்டத்தில் இடமும் இல்லை. பழைய நாட்களைப் பற்றி எழுதுகிறவர்கள் இதை விட்டுவிட்டு எழுதினால் அது உண்மையாகாது.

சட்டம் முதலில் கடலுக்குத்தான் வந்தது. எழுபதுகளின் கடைசியில் இழுவைமடிப் படகுகளுக்கும் கட்டுமரக்காரர்களுக்கும் சண்டை முற்றி, உயிர்ச்சேதம் வரைக்கும் போனது. அதன் பிறகு 1983-இல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. கரையிலிருந்து 3 கடல் மைல் வரைக்கும் நாட்டுப்படகுகளுக்கு, அதற்கு அப்பால் விசைப்படகுகளுக்கு என்று கடலைப் பிரித்தார்கள். படகைப் பதிய வேண்டும், உரிமம் வாங்க வேண்டும் என்று விதித்தார்கள். கட்டுமரக்காரர்களின் வலையையும் வயிற்றையும் காப்பாற்ற வந்த சட்டம் அது. அது வேண்டும் என்று கேட்டுப் போராடியவர்கள் மீனவர்களே. ஏரியில் இருந்த நாங்கள் அதைக் கடல்காரர்களின் விஷயமாகப் பார்த்தோம்.

மோட்டார் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. ஆழமில்லாத தண்ணீருக்குத் தோதாக இருந்தது லாங்டெயில் இன்ஜின். டீசல் இன்ஜின் படகின் பின்பக்கம் உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து நீளமான இரும்புத் தண்டு தண்ணீருக்குள் போகும். அதன் நுனியில் விசிறி. தரை தட்டுகிற இடம் வந்தால் தண்டை அப்படியே தூக்கிவிடலாம். காலையில் கோல் போட்டு இரண்டு மணி நேரம் போன தூரத்தை இன்ஜின் அரை மணியில் முடித்துவிட்டது. நைனாவுக்கு அதில் மகிழ்ச்சிதான். தோள்பட்டை தேய்ந்துபோன மனிதருக்கு இன்ஜின் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது கோல் போட்டவர்களுக்குத் தெரியும். ஆனால் வலை கட்டியிருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் அவர் இன்ஜினைப் போட விடமாட்டார். “சேத்தைக் கலக்கினா எறா எங்க நிக்கும்? அணைச்சுட்டுக் கோலை எடு” என்பார்.

2004 டிசம்பர் 26-க்குப் பிறகு படகுகளின் தோற்றமே மாறியது. சுனாமியில் மரமும் வலையும் போனவர்களுக்கு அரசும் தொண்டு நிறுவனங்களும் ஃபைபர் படகுகளைக் கொடுத்தன. தமிழகக் கரை முழுக்கக் கட்டுமரங்கள் குறைந்து ஃபைபர் படகுகள் நிறைந்தது அந்த ஓரிரு ஆண்டுகளில்தான். உயிர் பிழைத்தவர்களுக்குத் தொழில் திரும்பக் கிடைத்தது என்பதால் யாரையும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இத்தனை படகை இந்தத் தண்ணீர் தாங்குமா என்று அன்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய நேரம் அதுதான்.

பிறகு 2008 நவம்பர். மும்பையைத் தாக்கியவர்கள் குஜராத்தைச் சேர்ந்த ‘குபேர்’ என்ற மீன்பிடிப் படகைக் கடத்தி, அதில்தான் நம் கடலுக்குள் வந்தார்கள். அதோடு நாடு முழுவதும் மீன்படகு என்பது பாதுகாப்பு விஷயமாகிவிட்டது. 1958-ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டத்தில் மீன்பிடிப் படகுகளுக்கென்று ஒரு பகுதி ஏற்கெனவே இருந்தது. அதன் கீழ் சின்னப் படகுகள் உட்பட எல்லாவற்றையும் பதிய ஏற்பாடு நடந்தது; விவரங்கள் நாடு முழுக்க ஒரே கணினிப் பதிவேட்டில் ஏறின. மீனவர்களுக்குக் கைரேகையோடு அடையாள அட்டை வந்தது. எங்கள் ஏரிக்கு எதிர்க்கரையில்தான் ஸ்ரீஹரிகோட்டா இருக்கிறது. ராக்கெட் ஏவுகிற நாளில் கடலுக்குப் போகக் கூடாது என்ற அறிவிப்பு எங்களுக்குப் பழக்கமானது. ஆகவே எண் எழுதச் சொன்னபோது எங்கள் பக்கத்தில் பெரிதாக யாரும் முரண்டு பிடிக்கவில்லை.

அண்ணன் மகனின் படகை அளக்க வந்த நாளைச் சொல்ல வேண்டும். படகு புதுசு, இன்ஜின் பழைய படகிலிருந்து மாற்றியது. படகு கட்டிய இடத்துச் சான்று, இன்ஜின் வாங்கிய ரசீது, ஆதார், மீனவர் கூட்டுறவுச் சங்க அட்டை எல்லாம் பிளாஸ்டிக் கவரில் தயாராக இருந்தன. வந்த ஆய்வாளர் இளைஞர். செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கினார். டேப்பின் ஒரு முனையைப் பையன் முகப்பில் பிடிக்க, இவர் பின்பக்கம் வரை இழுத்து நீளம் எழுதினார். பிறகு அகலம், பிறகு உள்ளாழம். கடைசியில் இன்ஜின் எண். தகட்டின் மேல் உப்பும் துருவும் ஏறி ஒன்றுமே தெரியவில்லை. பையன் டீசல் நனைத்த துணியால் துடைத்து, உப்புத்தாளை வைத்து மெல்லத் தேய்த்து, செல்போன் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தான்.

“சித்தப்பா, இது மூணா எட்டா, பாருங்க.”

நான் விரலால் தடவிப் பார்த்தேன். மூன்றுதான். ரசீதிலும் மூன்று என்றே இருந்தது. ஆய்வாளர் எழுதிக்கொண்டு கேட்டார்: “கடலுக்குப் போவீங்களா?”

“முகத்துவாரம் தொறந்திருந்தா போவோம் சார். மூடியிருந்தா ஏரிதான்.”

அவர் கொஞ்சம் யோசித்தார். அந்தப் பதிலை எழுதுவதற்கு அவர் கையிலிருந்த தாளில் இடம் இல்லை. அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை. நல்லவிதமாகவே நடந்துகொண்டார். சட்டத்திலேயே அந்த இடம் இல்லை.

நான் சொல்ல வருவது இதைத்தான். எங்கள் படகு ஓடுகிற தண்ணீரைச் சட்டம் இன்னும் பார்க்கவில்லை. கடல் மீன்பிடிச் சட்டம் தூரத்தை வைத்து ஆட்களைப் பிரிக்கிறது. ஏரியில் தூரம் என்று ஒன்று கிடையாது. அங்கே பிரிப்பது முறை, நாள், வலையின் வகை. 1917-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2021-இல் உள்நாட்டு நீர்க்கலங்கள் சட்டம் வந்தது. ஆறு, ஏரி, கால்வாய்களில் ஓடும் மோட்டார் படகுகளைப் பதியச் சொல்லும் சட்டம் அது. வணிகக் கப்பல் சட்டத்தில் பதிந்த மீன்படகுகள் அதில் சேராது. ஆகவே வருடத்தில் பாதி நாள் ஏரியைத் தாண்டாத எங்கள் பையனின் படகு காகிதத்தில் கடல் படகு. ஒரே படகைக் கடல் பார்வையில் மட்டும் பார்த்தால், எத்தனை குதிரைசக்தி இன்ஜின் ஏரிக்குத் தகும், எந்த இடத்தில் அதை அணைக்க வேண்டும், ஒரு பருவத்தில் எத்தனை படகு இறங்கலாம் என்ற கேள்விகளுக்குப் பதில் எங்கேயும் எழுதப்படாமல் போய்விடுகிறது. நைனா சொன்ன “அணைச்சுட்டுக் கோலை எடு” எந்த விதிப்புத்தகத்திலும் இல்லை.

அந்த ஏரிக்கு வேறு சொந்தக்காரர்களும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டுப் பகுதி 1980-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஆகவே வனத்துறைக்கு அதில் சொல் உண்டு. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. நடுத்தண்ணீரில் எல்லைக்கோடு எங்கே என்று இரண்டு பக்கத்து மீனவர்களும் மோதிக்கொண்டது பல முறை. படகுக்கு எண் கொடுக்கிற அலுவலகம் ஒன்று, பறவைக்குக் காவல் இன்னொன்று, மண் மூடிய முகத்துவாரத்தைத் தோண்டச் சொல்லி மனுக் கொடுக்க வேண்டியது வேறொன்று.

முகத்துவாரம்தான் எங்களுக்கு உயிர். ஆரணி ஆறும் காளங்கியும் சொர்ணமுகியும் மழைத்தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டும். கடல் தண்ணீர் முகத்துவாரம் வழியாக ஏறி இறங்கும். இரண்டும் கலந்தால்தான் இறால் குஞ்சு உள்ளே வந்து வளரும். மடவையும் கொடுவாவும் களிநண்டும் பெருகும். முகத்துவாரத்தில் மணல் மூடினால் கோடையில் உப்பு ஏறி, தண்ணீர் வற்றி, கோல் போடக்கூட ஆழம் இருக்காது. நைனா காலத்திலும் மூடும். அப்போது ஊரே மண்வெட்டியோடு போய் வெட்டிவிடும் என்று அவர் சொல்வார். இன்று இயந்திரம் வைத்துத் தோண்டினாலும் சீக்கிரமே மறுபடி மணல் சேர்கிறது. இருபக்கமும் கற்சுவர் எழுப்பி நிலையாகத் திறந்து வைக்கும் வேலையை அரசு கையில் எடுத்தது எத்தனையோ ஆண்டுக் கோரிக்கைக்குப் பிறகு. ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு 2000 செப்டம்பரில் புதிய முகத்துவாரம் வெட்டினார்கள், மீன்வளம் திரும்பியது. அங்கே ஏரிக்கென்றே ஒரு வளர்ச்சி ஆணையம் இருக்கிறது. அப்படி ஒன்று பழவேற்காட்டுக்கு இல்லை. படகின் உள்ளாழத்தைச் சென்டிமீட்டர் கணக்கில் அளந்து எழுதுகிற நாம், படகு மிதக்கிற தண்ணீரின் ஆழத்தையும் வருடா வருடம் அளந்து அதே கரையில் ஒரு பலகையில் எழுதி வைக்க வேண்டும். என் முதல் கோரிக்கை அதுதான்.

இவ்வளவு சொன்ன பிறகும் நான் பதிவுக்கு எதிரி இல்லை. பழையபடி எண்ணே இல்லாமல் இருந்துவிடலாம் என்று சொல்கிற பெரியவர்கள் இன்னும் எங்கள் குப்பத்தில் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. எண் இருந்தால்தான் மோட்டார் நாட்டுப்படகுக்கு ஆண்டுக்கு 4,400 லிட்டர் வரை வரி விலக்கு டீசல் கிடைக்கும். வருடாந்தர ஆய்வுக்குப் படகைக் காட்டாவிட்டால் அந்தச் சலுகையை நிறுத்திவிடுவார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவி வலையும் படகும் கறுத்துப்போனபோது, குடும்பத்துக்கு 12,500 ரூபாயும் படகைச் சரிசெய்யப் படகு ஒன்றுக்கு 10,000 ரூபாயும் அரசு அறிவித்தது. இப்படிப்பட்ட நேரத்தில் படகு என்னுடையதுதான் என்று காட்ட ஒரு காகிதம் வேண்டும். பாயின் ஒட்டைப் பார்த்து ஆயா சொன்னதை எந்த அலுவலகமும் ஏற்காது.

ஆனால் அந்தக் கணக்கிலும் பறியைப் பல்லில் கடித்துச் செல்கிற பெண் வரமாட்டார். அவருக்குப் படகு இல்லை; அதனால் எண் இல்லை; எண் இல்லாததால் படகுக் கணக்கில் வருகிற எந்த உதவியும் இல்லை. பாடு அவரை வெளியே நிறுத்தியது. பதிவேடும் அதையே செய்கிறது. ஏரிக்கென்று தனிப் பதிவேடு ஒன்று வரும்போது, அதில் படகோடு சேர்த்து, படகில்லாமல் ஏரியில் இறங்குகிறவர்களின் பெயரும் இருக்க வேண்டும். இது என் இரண்டாவது கோரிக்கை. மூன்றாவது, பாடு முறையை நடத்துகிற ஊர்களையும் அதற்கு வெளியே இருக்கிற ஊர்களையும் ஒன்றாக உட்காரவைத்து, ஏரிக்குள் மோட்டார் எங்கே ஓடலாம், எங்கே ஓடக் கூடாது என்பதை எழுதி, அதற்குச் சட்ட மதிப்புக் கொடுக்க வேண்டும். படகுக்கு எண் கொடுக்க முடிந்த அரசுக்கு இது முடியாத காரியமே அல்ல.

பதிவு ஏன் வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. அதை எழுத மனசு கனக்கிறது. 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாள். ஏரியைச் சுற்றிப் பார்க்க வந்த ஒரு கூட்டம் மீன்பிடிப் படகில் ஏறிப் போனது. படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். பெண்களும் குழந்தைகளும் அதில் இருந்தார்கள். யாரிடமும் லைஃப் ஜாக்கெட் இல்லை. உடல்களைக் கரையில் வரிசையாகக் கிடத்தியதைப் பார்த்தவர்கள் எங்கள் ஊரில் இன்றும் அதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் பாதியில் நிறுத்திவிடுவார்கள். அதன் பிறகு சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. கேரளத்தில் 2023 மே 7 அன்று தானூரில் கவிழ்ந்து 22 உயிர்களைக் கொண்டுபோனதும் மீன்பிடிப் படகைச் சுற்றுலாவுக்காக மாற்றியதுதான் என்ற செய்தி வந்தபோது எங்கள் குப்பத்தில் அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

மீன்படகின் அமைப்பு அப்படி. வலைக்கும் மீனுக்கும் நான்கைந்து ஆட்களுக்கும் ஏற்றபடி கட்டியது. ஆட்கள் ஓரமாக உட்கார்ந்து பழகியவர்கள். அலை வந்தால் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று உடம்புக்கே தெரியும். இருபது பேரை ஏற்றி, முகத்துவாரத்துப் பக்கம் போய், எல்லோரும் படம் எடுக்க ஒரே பக்கம் எழுந்து நின்றால் அந்தப் படகு என்ன செய்யும்? முகப்பில் இருக்கிற ‘எம்ஓ’ எண் அது மீன்பிடிப் படகு என்றுதான் சொல்கிறது. பயணிகளை ஏற்றலாம் என்று அது யாருக்கும் அனுமதி தரவில்லை.

பழவேற்காட்டுக்கு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. விடுமுறை நாளில் டச்சுக் கல்லறைகளைப் பாருங்கள், பூநாரைகளைப் பாருங்கள், கரையில் மீன் வாங்குங்கள். மீன்படகில் ஒரு சுற்றுக் கூட்டிப்போகச் சொல்லி யாரையும் கேட்காதீர்கள். இறால் கிடைக்காத நாளில் வீட்டில் அடுப்பெரியாத பையன் ஒருவன், நீங்கள் நீட்டுகிற 500 ரூபாய்க்குச் சரி என்று சொல்லிவிடுவான். அவனை அந்த நிலைக்குத் தள்ளாதீர்கள். அவனே கூப்பிட்டாலும் ஏறாதீர்கள்.